துண்டு: கண்டிச் சீமையில் ஆளைக் கட்டிப்போட்ட கடன் சீட்டு

மொரீசியஸ், நேட்டால், ஃபிஜி பக்கம் போன தமிழர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துவிட்டுத்தான் கப்பலேறினார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு அப்படி ஒரு ஒப்பந்தம் கிடையாது. கொழும்பு அரசாங்கமும், தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரர்களின் துரைமார் சங்கமும் இதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டன. இங்கே வருகிறவன் மாதச் சம்பளக்காரன், யாருக்கும் அடிமையில்லை, பிடிக்காவிட்டால் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார்கள். சட்டப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் அது பொய்யில்லை. ஆனால் நடைமுறையில், ஒரு தொழிலாளி தானாக முடிவெடுத்துத் தோட்டம் மாறுவது ஏறக்குறைய முடியாத காரியம். குறுக்கே நின்றது ஒரு சீட்டு. தோட்டத்துரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஆள் கட்டி வந்து வேலை வாங்கும் கங்காணியிடம் கொடுத்த அந்தச் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். அதைப் பற்றி எந்தச் சட்டமும் போடப்படவில்லை. 1921-ல் அதை ஒழிக்கத்தான் சட்டம் போட வேண்டியிருந்தது.

மலையகத்தில் பிரிட்டிஷ் ஆட்சி எப்படி நடந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஆளுநர்கள், புரட்சிகள், ரயில் பாதை என்றே பதில் வரும். என்னைக் கேட்டால் துண்டைப் புரிந்துகொண்டால் போதும், பாதி ஆட்சி புரிந்துவிடும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1796 பிப்ரவரியில் கொழும்பு டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பிடித்தது கிழக்கிந்தியக் கம்பெனி, ஆண்டது மதராஸிலிருந்து. அங்கிருந்து வந்த வருவாய்த்துறை ஆட்கள் உள்ளூர் அதிகாரிகளான பழைய முதலிமாரை ஒதுக்கிவிட்டு, வரி வசூலிக்கும் அமில்தார்களையும் மொழிபெயர்க்கும் துபாஷிகளையும் இறக்கினார்கள், தென்னை மரத்துக்கு வரி போட்டார்கள். 1797-லேயே கலகம் வெடித்தது. அடுத்த ஆண்டு ஃபிரடெரிக் நார்த் ஆளுநராக வந்தார். 1802-ல் இலங்கை கம்பெனியின் கையை விட்டு முழுக்க முடியாட்சிக் குடியேற்றமானது. மலைநாடு மட்டும் தனி ராஜ்ஜியமாக நின்றது. 1803-ல் படையெடுத்துத் தோற்றவர்கள் 1815-ல் பிரதானிகளின் துணையோடு கண்டியைப் பிடித்தார்கள். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1832-ல் அங்கேயே இறந்தான். 1817-18 ஊவாக் கிளர்ச்சியை அடக்கிய பிறகு மலைக்குள் பாதை வெட்டும் வேலை தொடங்கியது. எட்வர்ட் பார்ன்ஸ் ஆளுநராக இருந்த காலத்தில் கொழும்பு–கண்டிச் சாலை வந்தது. படை ஏறுவதற்காகப் போட்ட அதே சாலையில்தான் பிறகு காப்பி இறங்கியது.

காப்பிக்கு மூன்று வேண்டும்: நிலம், மூலதனம், ஆள். மூலதனம் லண்டனிலிருந்து வந்தது. நிலத்துக்கு 1840-ன் 12-ஆம் எண் சட்டம் வந்தது. பத்திரமில்லாத காடும் தரிசும் அரசுக்குச் சொந்தம் என்று அது அனுமானித்துக்கொண்டது. கண்டிக் குடியானவனிடம் காட்டுக்கும், காட்டை எரித்துப் பயிரிடும் சேனைக்கும் பத்திரம் ஏது? ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு நிலம் போனது. 1844-ல்தான் அடிவிலையை ஒரு பவுனாக உயர்த்தினார்கள். வாங்கியவர்களில் அரசு உத்தியோகஸ்தர்கள், ராணுவத்தார், நீதிபதிகள் எல்லாரும் உண்டு. ஆளுநர் ஸ்டூவர்ட் மக்கென்சியே வாங்கினார். சட்டம் எழுதுகிறவரும் நிலம் விற்கிறவரும் நிலம் வாங்குகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் அந்தச் சட்டம் யார் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

மிச்சமிருந்தது ஆள். சிங்களக் குடியானவர்கள் காடு வெட்டும் வேலையைக் கொந்தரப்பாக (மொத்தமாகப் பேசி) எடுத்துச் செய்தார்கள், ஆனால் தோட்டத்தில் தினக்கூலியாக நிற்க வரவில்லை. துரைமார் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்தார்கள். சொந்த வயல் வைத்திருப்பவன், அதன் அறுவடை நேரத்தில் அடுத்தவன் தோட்டத்தில் பழம் பறிக்க எதற்குப் போக வேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. கடலுக்கு இந்தப் பக்கம் திருச்சி, தஞ்சாவூர், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் சீமைகளில் நிலமற்ற ஆட்கள் இருந்தார்கள். மழை பொய்த்த வருஷங்களில் இன்னும் கூடுதலாக இருந்தார்கள். 1847-ல் இந்திய அரசு தன் குடிபெயர்வுச் சட்டத்தின் கட்டுப்பாடுகளிலிருந்து இலங்கையை விலக்கியது. அதனால் இலங்கைக்குப் போகிறவனுக்கு ஒப்பந்தமும் இல்லை, அவனைக் கவனிக்கப் பாதுகாப்பு அதிகாரியும் இல்லை. பக்கத்து ஜில்லாவுக்குப் போகிற மாதிரிதான் கணக்கு.

கடலைக் கடந்த பிறகுதான் வழி கடுமை. மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குச் சுமார் 150 மைல் நடை. இடையில் வறண்ட வன்னிக்காடு. தண்ணீர் கிடைக்கிற இடத்தில்தான் தங்க முடியும். ஒரே குளத்தில் ஒரு கூட்டம் மாற்றி ஒரு கூட்டம் இறங்கியதால் காலரா தொற்றிக்கொண்டே போகும். மலைக்குளிருக்குத் துணி கிடையாது. வந்து சேர்ந்ததும் கொடுக்கிற கம்பளியும் கடன்தான். அந்த வடக்குப் பாதையில் எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ணிவைக்க ஒரு பதிவேடுகூட ஒழுங்காக இல்லாததற்குக் காரணம், மேலே சொன்ன அந்த ‘சுதந்திரம்’தான். ஒப்பந்தக் கூலி கப்பலில் செத்தால் யாராவது கணக்குச் சொல்லியாக வேண்டும். இவனுக்கு யாரும் பொறுப்பில்லை.

காப்பி பருவப் பயிர். ஆண்டின் பிற்பகுதியில் சில மாதங்கள் பழம் பறிக்க ஆள் குவியும். பறிப்பு முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்புவார்கள். போகும்போது கணக்கு முடித்தாக வேண்டும். அதனால் கடன் இருந்தாலும் பெரிதாகத் தேங்கவில்லை. 1869-ல் காப்பி இலையின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறத் தூளாக ஒரு பூஞ்சை தென்பட்டது: ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். முதல் சில ஆண்டுகள் யாரும் மிரளவில்லை. இலை உதிரும், மறுபடி துளிர்க்கும், உரம் போட்டால் சரியாகும் என்றிருந்தார்கள். காப்பி விலையும் நன்றாக இருந்ததால் பரப்பளவு ஏறிக்கொண்டே போனது. ஆனால் ஒவ்வொரு உதிர்வுக்கும் செடி தன் இருப்பைக் கரைத்துக்கொண்டிருந்தது. 1880களின் தொடக்கத்தில் விளைச்சல் படுத்தது. 1884-ல் காப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பாங்க் மூடப்பட்டது. ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை 1867-ல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அப்போதுதான் எல்லார் கண்ணிலும் பட்டது. 1875 வாக்கில் ஆயிரம் ஏக்கர் அளவில் இருந்த தேயிலை 1900-ல் மூன்றரை லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது.

துண்டு வேர்விட்டது இந்த மாற்றத்தில்தான். தேயிலையில் வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை கொழுந்து எடுத்தாக வேண்டும், வருஷம் முழுக்க. தள்ளிப்போட்டால் கொழுந்து முற்றிவிடும். கவ்வாத்து (செடியை வெட்டிவிடுவது), களை, கான்வெட்டு (வடிகால் வெட்டுவது) என்று மற்ற வேலைகளும் நிற்காது. ஆகவே ஆள் நிரந்தரமாக வேண்டும், குறிப்பாகக் கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும், அதாவது குடும்பம் குடும்பமாக வேண்டும். ஊர் திரும்பாத குடும்பத்துக்குக் கணக்கு முடிகிற நாளும் கிடையாது.

இப்போது ஒரு தோட்டத்தின் மாதக் கணக்கை உள்ளே போய்ப் பார்க்கலாம்.

விடிவதற்கு முன் தப்பு (பறை) அடிப்பார்கள். ஆட்கள் வருகை எடுக்கும் பெரட்டுக்களத்தில் கூடுவார்கள். துரை அல்லது கணக்கப்பிள்ளை ஆளைப் பிரித்து வேலைக்கு அனுப்புவார். மாலையில் வேலை பார்த்துப் பேர், அதாவது ஒரு நாள் வேலைக் கணக்கு, போடப்படும். நிர்ணயித்த அளவு முடிக்காதவருக்கு அரைப்பேர். இந்தப் பேர்கள் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஏறும். ஆணுக்கு ஒரு பேருக்கு 33 சதம், பெண்ணுக்கு 25 சதம் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பொதுவான விகிதம். (இலங்கை 1872-லேயே ரூபாயை நூறு சதமாக்கிவிட்டது. அணாவிலும் பைசாவிலும் எண்ணிப் பழகியவன் அங்கே போய்ச் சதக் கணக்கைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்ததும் கங்காணிக்கு வசதிதான்.) மாதம் 25 பேர் விழுந்தால் ஆணுக்கு 8 ரூபாய் 25 சதம். அதில் தோட்டம் கொடுத்த அரிசிக்காசு முதலில் போகும். பிறகு கம்பளி, முன்பணத் தவணை, வண்ணான் காசு, அம்பட்டன் காசு, கோயில் காசு. மிஞ்சியதுதான் கைக்கு.

அந்த மிச்சமும் எப்போது வரும்? 1889-ன் 13-ஆம் எண் சட்டம், ஒரு மாதத்துக் கூலியை அந்த மாதம் முடிந்து 60 நாளுக்குள் கொடுத்தால் போதும் என்றது. இது தொழிலாளியைப் பாதுகாக்க வந்த சட்டம் என்பதை மறந்துவிடக் கூடாது. அதற்கு முன்னால் காப்பிக் காலத்தில் நிலைமை இதைவிட மோசம். பயிர் விற்றுப் பணம் வரும்வரை பல மாதக் கூலி நிலுவையிலேயே கிடக்கும். சரி, இந்தச் சட்டப்படியே போனாலும் ஜனவரி மாதக் கூலியை மார்ச் கடைசியில் கொடுக்கலாம். அப்போது பிப்ரவரி, மார்ச் கூலி இன்னும் தோட்டத்தின் கையிலேயே இருக்கும். எந்த நாளில் எடுத்துப் பார்த்தாலும் தொழிலாளிக்குத் தோட்டம் இரண்டு மூன்று மாதக் கூலி பாக்கி வைத்திருக்கிறது. அதே நாளில் தொழிலாளி தோட்டத்துக்குக் கடன்காரன். கடனை மட்டும்தான் கணக்கில் சொல்வார்கள். கையில் காசில்லாத அந்த இரண்டு மாதத்துக்கு உப்பு, புகையிலை, மிளகாய் எங்கே வாங்குவது? பெரும்பாலும் பெரிய கங்காணியின் தயவில் ஓடுகிற கடையில், பற்றுக்கு.

பெரிய கங்காணிதான் இந்த ஏற்பாட்டின் அச்சாணி. ஊரிலிருந்து ஆள் கட்டி வருபவர் அவர். தோட்டம் அவருக்கு முன்பணம் கொடுக்கும். ‘கோஸ்ட் அட்வான்ஸ்’ என்று தோட்டக் கணக்கில் எழுதப்படும். அதில் ஊரில் இருக்கிற பழைய கடனை அடைத்து ஆளை விடுவிப்பது, வழிச்செலவு, சாப்பாடு எல்லாம் அடங்கும். தோட்டம் கடன் கொடுத்தது கங்காணிக்கு, புரோநோட்டு எழுதிக் கொடுத்ததும் கங்காணி. அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு கூட்டம், பெரும்பாலும் சொந்தக்காரர்களும் ஒரே ஊர்க்காரர்களும். பெரியவர் சில்லறைக் கங்காணிக்குக் கொடுப்பார், அவர் ஆட்களுக்குக் கொடுப்பார். துரைக்குத் தெரிந்தது மேலே உள்ள மொத்தத் தொகை மட்டும். கீழே யார் தலையில் எவ்வளவு என்பது கங்காணியின் நோட்டுப் புத்தகத்தில், இல்லாவிட்டால் அவர் வாயில். தினமும் வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்கு ஓரிரு சதம் தலைக்காசு வேறு உண்டு. ஆள் படுத்துக் கிடந்தால் அந்தச் சதம் போய்விடும் என்பதால் காய்ச்சலோடு இருப்பவனையும் பெரட்டுக்கு இழுத்துவரக் கங்காணிக்குக் காரணம் இருந்தது.

கங்காணி வெறும் கொடுமைக்காரர் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. உண்மை அதைவிடச் சிக்கலானது. துரையிடம் பேசுவது, கல்யாணம் சாவுக்குப் பணம் கொடுப்பது, ஊருக்குக் காசும் கடிதமும் சேர்ப்பது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வரும் சண்டையைத் தீர்ப்பது எல்லாம் அவர்தான். அவர் மாமனாகவோ சித்தப்பாவாகவோ இருந்தால் கணக்குக் கேட்பதே மரியாதைக் குறைவு. பிரிட்டிஷார் இந்த உறவை உருவாக்கவில்லை. ஊரில் இருந்ததை அப்படியே தூக்கி வந்து சம்பளப் பட்டியலில் உட்கார வைத்தார்கள். காவலாளிக்குத் தனியாகச் செலவு செய்யாமல் காவல் கிடைத்தது.

இந்த இடத்தில்தான் துண்டு வருகிறது. தோட்டம் மாற விரும்பும் கங்காணி துரையிடம் துண்டு கேட்பார். துரை எழுதிக் கொடுக்கும் சீட்டில் இருப்பது இவ்வளவுதான்: இன்ன கங்காணியையும் அவருடைய இத்தனை ஆட்களையும், இத்தனை ரூபாய் பெற்றுக்கொண்டு, இத்தனை நாளுக்குள் விடுவிக்கச் சம்மதிக்கிறேன். கீழே கையெழுத்து, தோட்டத்தின் பெயர், தேதி. ஆட்களின் பெயர்கூடப் பெரும்பாலும் தேவையில்லை, எண்ணிக்கை போதும். கங்காணி அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு மற்றத் தோட்டங்களுக்குப் போவார். ஆள் தேவைப்படும் துரை பழைய தோட்டத்துக்குச் செக் அனுப்புவார். கூட்டம் இடம் மாறும். கடன் புதுத் தோட்டத்தின் புத்தகத்தில் ஏறும். துண்டில்லாமல் வந்த ஆளை எடுக்கக் கூடாது என்பது துரைமாருக்குள் எழுதப்படாத விதி.

கடன் எப்படி ஊதியது என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். எண்கள் என் விளக்கத்துக்கு வைத்துக்கொண்டவை.

ஒரு கங்காணியிடம் 30 பேர். தோட்டக் கணக்கில் அவர் பேரில் கடன் 900 ரூபாய், தலைக்கு 30. மேலும் 200 கேட்கிறார், துரை மறுக்கிறார். துண்டு கேட்கிறார்: 900 ரூபாய், 14 நாள். பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து குமிந்து கிடக்கிறது, எடுக்க ஆளில்லை. “துண்டுக்கு 900, என் கைக்கு 300” என்கிறார் கங்காணி. துரை ஒப்புக்கொள்கிறார். இப்போது புத்தகத்தில் 1,200, தலைக்கு 40. அந்த 300-ல் ஒரு சதம்கூட அந்த 30 பேரில் யார் கைக்கும் வந்திருக்க வேண்டியதில்லை. அடுத்த வருஷம் மூன்றாவது தோட்டம், கைக்கு 400. மொத்தம் 1,600, தலைக்கு 53 ரூபாய்க்கு மேல். மாதம் 8 ரூபாய் 25 சதம் சம்பாதிக்கிற ஆணுக்கு இது ஆறு மாதத்துக்கும் மேற்பட்ட முழுக்கூலி, அரிசிக்குக்கூட ஒன்றும் கழிக்காமல். பெண்ணுக்கு எட்டு மாதத்துக்கு மேல். இடையில் நாலு பேர் செத்தாலோ ஓடிப்போனாலோ தோட்டப் புத்தகத்தில் தொகை குறையாது. கங்காணி அதை மிச்சமிருக்கும் 26 பேரிடம்தான் பிடிக்க வேண்டும். அப்போது தலைக்கு 61 ரூபாயைத் தாண்டும்.

சட்டம் என்ன சொன்னது? 1865-ன் 11-ஆம் எண் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தமில்லாமல் வாய்மொழியாகச் சேர்ந்த வேலைக்காரன் மாதக் கணக்கில் அமர்ந்தவன். முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம். கொடுக்காமல் போனால் குற்றம்: மூன்று மாதம் வரை கடுங்காவல் கிடைக்கலாம். சிவில் வழக்காக முடிய வேண்டிய விஷயத்துக்கு ஜெயில். கடனைக் கட்டாமல் முறைப்படி முன்னறிவிப்புக் கொடுத்த ஆளைத் தடுக்க அந்தச் சட்டத்தில் வழியில்லை. ஆனால் முன்னறிவிப்பைத் துரையிடம் யார் கொண்டுபோய்ச் சொல்வது? எந்த மொழியில்? கொடுத்ததற்குச் சாட்சி யார்? சாட்சி சொல்ல வேண்டியவர் கங்காணி. அதை எல்லாம் தாண்டி வெளியே வந்தாலும் துண்டில்லாத ஆளை அடுத்த தோட்டம் எடுக்காது. சட்டம் திறந்து வைத்த கதவுக்கு வெளியே துண்டு சுவரெழுப்பியிருந்தது.

துரைமாருக்கும் இது நிம்மதியாக இல்லை. பக்கத்துத் தோட்டம் ஆளைக் கலைத்துக்கொண்டு போகிறது என்பது அவர்களுடைய நிரந்தரப் புலம்பல். 1854-ல் கண்டியில் தொடங்கிய துரைமார் சங்கமும் மாவட்டச் சங்கங்களும் துண்டுத் தொகைக்கு உச்சவரம்பு வைக்கலாம் என்று பேசிக்கொண்டே இருந்தன. பேசியபடி யாரும் நடக்கவில்லை, ஏனென்றால் ஆள் தட்டுப்பாடு வந்ததும் முதலில் மீறுகிறவருக்குத்தான் லாபம். 1905-க்குப் பிறகு தாழ்நாட்டில் ரப்பர் பரவியதும் புதுத் தோட்டக்காரர்கள் கேட்ட தொகையைக் கொடுத்து ஆள் எடுத்தார்கள். 1910-ல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனபோது முன்பணமும் கூடவே ஏறியது. ஒழிக்க விடாமல் தடுத்த இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கோஸ்ட் அட்வான்ஸ் என்பது கம்பெனியின் ஐந்தொகையில் சொத்துப் பக்கத்தில் நின்ற தொகை. தோட்டம் கைமாறினால் அந்தத் தொகைக்கும் விலை பேசப்படும். லண்டனில் ஆண்டறிக்கை படிக்கிற பங்குதாரருக்கு, லயத்தில் படுத்திருக்கிற ஆளின் கடன் ஒரு சொத்து. துண்டை ஒழித்தால் அந்தச் சொத்து என்ன ஆகும் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது.

அரசும் சங்கமும் செய்த சீர்திருத்தங்கள் அதனால் சுற்றி வளைத்தே போயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரம் வந்தது. வில்லையாக வெட்டிய தகரத்தில் மாவட்டத்துக்கு ஒரு எழுத்து, தோட்டத்துக்கு ஒரு எண், ஆளுக்கு ஒரு எண் குத்தியிருக்கும். கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டால், வழியில் எங்கே நிறுத்திக் கேட்டாலும் எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று தெரிந்துவிடும். சரக்கு என்ற சொல்லை யோசித்தே எழுதுகிறேன். வழிச்செலவை அரசு முதலில் செய்துவிட்டு அந்த எண்ணைப் பார்த்துத் தோட்டத்திடம் வசூலிக்கும். தோட்டம் கங்காணி பேரில் எழுதும். கங்காணி ஆள் பேரில். வழியில் சாவு குறைந்தது, காலராவைக் கட்டுப்படுத்தத் தட்டப்பாறையிலும் பிறகு மண்டபத்திலும் தங்கல் முகாம்கள் வந்தன, 1914-ல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பலும் வந்ததும் 150 மைல் நடை ரயில் பயணமானது. கடன் மட்டும் குறையவில்லை. 1904-ல் திருச்சியில் தொழிலாளர் ஆணையகம் திறந்து, கங்காணிகளுக்குக் கொடுக்கும் முன்பணத்தை அங்கே கண்காணித்தார்கள். அதுவும் ஓரளவுக்குத்தான், ஆளுக்குப் போட்டி மலைக்கு மேல் இருக்கும்போது திருச்சியில் உட்கார்ந்து என்ன செய்ய முடியும்?

1908-ல் கொழும்பு அரசு விசாரணைக் குழு வைத்தது. துரைமாரும் அதிகாரிகளும் கொடுத்த வாக்குமூலங்களில் துண்டுக்கு எதிரான குறை நிறைய வந்தது, துண்டு பிழைத்துக்கொண்டது. திருப்பம் கடலுக்கு இந்தப் பக்கமிருந்துதான் வந்தது. ஒப்பந்தக் கூலிமுறைக்கு எதிராக இந்தியாவில் எதிர்ப்பு மூண்ட நேரம் அது. மதராஸ் அரசு மார்ஜோரிபாங்க்ஸ், அகமது தம்பி மரைக்காயர் இருவரையும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் அனுப்பியது; அவர்களுடைய அறிக்கை 1917-ல் வந்தது. மலாயாவோடு ஒப்பிட்டால் இலங்கையின் கடன்முறை அப்பட்டமாகத் தெரிந்தது. இலங்கைக்குள் பொன்னம்பலம் அருணாசலம் தோட்டத் தொழிலாளர் தண்டனைச் சட்டங்களுக்கு எதிராகத் தொடர்ந்து பேசினார். 1919-ல் தொழிலாளர் நலச் சங்கம் அமைத்தார். இந்தியா ஆள் அனுப்புவதையே நிறுத்திவிடக்கூடும் என்ற பயம்தான் துரைமாரை அசைத்தது என்பது என் எண்ணம். மனம் மாறினார்கள் என்று நம்ப எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

1921-ன் 43-ஆம் எண் சட்டம் துண்டை ஒழித்தது. அடுத்த ஆண்டே இந்தியாவின் புதிய குடிபெயர்வுச் சட்டம் வந்தது. 1923-ல் இந்திய அரசின் பிரதிநிதி ஒருவர் கண்டியில் வந்து அமர்ந்தார். ஆள் கட்டும் செலவுக்குத் தோட்டங்களிடமிருந்து பணம் வசூலித்துப் பொது நிதி ஒன்று வைக்கப்பட்டது. வழிச்செலவு இனி தொழிலாளி தலையில் ஏறக் கூடாது என்றானது.

துண்டின் இடத்தில் விடுவிப்புச் சீட்டு வந்தது, தோட்டத்தில் பற்றுச்சீட்டு என்று சொல்வது. முறைப்படி விலகியவருக்குத் தோட்டம் அதைக் கொடுத்தாக வேண்டும், கடனைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. பழைய சீட்டில் தொகையும் எண்ணிக்கையும் இருந்தன. புதியதில் ஆளின் பெயர் இருந்தது. ஆனால் அது இல்லாமல் அடுத்த தோட்டத்தில் வேலை கிடைக்காது என்பது மாறவில்லை. எழுதிக் கொடுக்கிற மேசையும் அதே மேசை. துரையோடு முறைத்துக்கொண்ட ஆளுக்குச் சீட்டு தாமதமாகும். தாமதமாகும் நாளெல்லாம் காம்பராவை (லயத்து அறையை) காலி செய் என்ற நெருக்கடியும் சேர்ந்து வரும்.

கூலி விஷயத்தில் 1927-ன் 27-ஆம் எண் சட்டம்தான் உண்மையான மாற்றம். 1929 ஜனவரியிலிருந்து மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைகளுக்கு 32 என்று குறைந்தபட்சக் கூலி நிர்ணயமானது. தாழ்நாட்டில் 50, 40, 30. இரண்டே ஆண்டில் உலகப் பொருளாதாரம் கவிழ்ந்து, இந்தத் தொகைகளையும் வெட்டினார்கள். தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சங்கம் கட்டியது அந்த வருஷங்களில்தான், துரைமாரையும் பெரிய கங்காணிகளையும் ஒருசேர எதிர்த்துக்கொண்டு.

பெரிய கங்காணியை எந்தச் சட்டமும் பேர் சொல்லி ஒழிக்கவில்லை. இலங்கை அரசுத் துறைகளிலிருந்து இந்தியத் தினக்கூலிகளை நீக்கியதற்குப் பதிலடியாக, 1939 ஆகஸ்ட் 1 முதல் கூலித் தொழிலாளர் இலங்கை போவதை இந்தியா தடை செய்தது. ஊருக்குப் போய் ஆள் கட்டிவரும் தொழில் அத்தோடு நின்றது. ஏற்கெனவே லயத்தில் இருந்தவர்கள் பேரில் தலைக்காசு மட்டும் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் ஓடியது.